அமெரிக்க ஐக்கிய நாடுகள்: குடியரசா, ஜனநாயகமா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியல் விவாதங்களைத் தொடர்ந்து கவனித்து வருபவர்க்கு, ‘இந்நாடு குடியரசேயன்றி ஜனநாயகம் அன்று’ என்னும் வாதம் பழக்கமானதே. 2000-ஆம் ஆண்டிலும் 2016-ஆம் ஆண்டிலும் நிகழ்ந்ததுபோல, நாடெங்கும் அதிக வாக்குப் பெற்றவர் ஜனாதிபதி பதவியை இழக்க நேரும்போதெல்லாம், இவ்வாதம் ஒரு சமாதானமாக முன்வைக்கப்படுகிறது. 1787-இல் பிலடெல்பியாவில் வரையப்பெற்ற அரசியல் சட்டத்தில் ஜனநாயகம் என்னும் சொல் ஓரிடத்தும் வாராமையும், அதன் நான்காவது ஷரத்து ஒவ்வொரு மாநிலத்துக்கும் குடியரசு முறை ஆட்சியை உத்தரவாதம் செய்வதும் இதற்கு ஆதாரங்கள் என்பர். ஆயினும், இவ்வாதத்தினர் பெரிதும் சார்ந்து நிற்கும் ஆசிரியரை முழுமையாகப் படித்தால், அவரே அவர்களுக்கு எதிர்ச்சாட்சியாக அமைவது புலனாகும்.

அவ்வாசிரியர், அச்சட்டத்தை வரைந்தோருள் ஒருவராகிய ஜேம்ஸ் மாடிசன். அதனை ஆதரித்து எழுந்த பெடரலிஸ்ட் கட்டுரைத் தொடரில், 1787 நவம்பரில் வெளியான பத்தாம் கட்டுரையில் அவர் இரு முறைகளையும் பிரித்துக் காட்டினார் என்பது மெய்யே. ஆனால், ஜனநாயகம் என்று அங்கே அவர் சுட்டியது, பிரஜைகள் அனைவரும் ஓரிடத்தில் கூடித் தாமே ஆட்சி நடத்தும் சிறு சமூகத்தை. பிரதிநிதிகளைத் தேர்ந்து அவர்களிடம் ஆட்சியை ஒப்படைப்பதும், அதன் பயனாக அதிக ஜனத்தொகையும் பரந்த நிலப்பரப்பும் உடைய தேசத்துக்கும் ஏற்றதாக அமைவதுமே அவர் குடியரசுக்குக் கூறிய விசேஷங்கள். இந்த இலக்கணப்படி, தேர்தலால் அமையும் சட்டசபையைக் கொண்ட இன்றைய ஜனநாயக நாடுகள் யாவும் குடியரசின் பக்கமே சேரும். ஒரு கட்சி பெரும்பான்மை பெற்றும் தோற்பதற்கு இதில் நியாயம் எதுவும் இல்லை.

பத்தாம் கட்டுரையை எடுத்துக் காட்டுவோர் முப்பத்தொன்பதாம் கட்டுரையை ஏனோ அத்துணை விருப்பத்துடன் புரட்டுவதில்லை. அதிலே மாடிசன், ஆட்சியதிகாரம் முழுதும் நேராகவோ சுற்றுவழியாகவோ மக்கட் பெருந்திரளிடமிருந்து பிறக்க வேண்டும் என்றும், சிறு தொகையினரிடமிருந்தோ சலுகை பெற்ற ஒரு வர்க்கத்திடமிருந்தோ பிறப்பது குடியரசாகாது என்றும் வரையறுத்து, ஹாலந்தும் வெனிஸும் போலந்தும் அப்பெயரைத் தகுதியின்றித் தாங்கி நின்றவை என்று ஒதுக்கிவிடுகிறார். ஆக, ஜனநாயகத்தின் சாரத்தையே குடியரசின் லக்ஷணமாக அவர் வைத்திருக்கிறார். அமெரிக்க அரசியல் சட்டத்தை அங்கீகரிப்பதற்காகக் கூடிய மகாநாடுகளில், பென்ஸில்வேனியாவில் ஜேம்ஸ் வில்ஸனும் வர்ஜீனியாவில் ஜான் மார்ஷலும் அதனை ஜனநாயகம் என்றே வருணித்ததும் கருதத்தக்கது.

எனினும், ‘மக்கட் பெருந்திரள்’ யார் என்ற கேள்வி அப்படியே எஞ்சி நின்றது. அதன் கடுமையை ரோட் தீவு மாநிலத்தின் வரலாறு காட்டும். 1663-இல் ஆங்கில மன்னர் இரண்டாம் சார்லஸ் வழங்கிய சாசனத்தையே அம்மாநிலம், சுதந்திரப் போருக்குப் பின்னும் மாற்றாமல், அறுபது ஆண்டுகளுக்கு மேல் தன் அரசியல் சட்டமாகக் கொண்டிருந்தது. 134 டாலர் பெறுமான நிலம் உடையவர்க்கும் அவர்தம் மூத்த மகனுக்குமே வாக்குரிமை என்ற நிலையில், பெருகிவந்த ஆலைத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வெளியே நின்றனர். தாமஸ் டார் என்னும் வழக்கறிஞரின் தலைமையில் அவர்கள் 1841-இல் தாமே மகாநாடு கூட்டிப் புதிய சட்டம் வகுத்து, மறு ஆண்டு அவரைக் கவர்னராகவும் தேர்ந்தெடுத்தனர். சாசன அரசு பதவி விலகவில்லை; ஒரே மாநிலத்தில் இரண்டு அரசுகள் எதிரெதிர் நின்றன. ஆயுதசாலையைக் கைப்பற்ற டார் செய்த முயற்சி பலிக்காது போயிற்று. ராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. மார்ட்டின் லூதர் என்னும் டார் கட்சியினரின் வீட்டினுள் சாசன அரசின் படையினர் புகுந்தனர். அதனால் எழுந்த வழக்கில், எது சட்டபூர்வமான அரசு என்பதைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை அன்று, அரசியல் அதிகாரிகளின் வேலை என்று உச்ச நீதிமன்றம் 1849-இல் கூறிவிட்டது. அதாவது, குடியரசு முறையை உத்தரவாதம் செய்த ஷரத்தைக் கொண்டு, சொத்துள்ளோரின் ஆட்சி குடியரசா அன்றா என்பதைக்கூட நீதிமன்றத்தில் தீர்த்துக்கொள்ள இயலவில்லை. (மக்களின் பெயரால் எழுந்த டாரின் சட்டம் வெள்ளையருக்கு மட்டுமே வாக்குரிமை அளித்ததும், அவரை முறியடித்தவர்கள் பிறகு இயற்றிய சட்டம் கறுப்பருக்கும் அவ்வுரிமையை வழங்கியதும் வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.)

எதிர்த்தரப்பின் வலிமை மிகுந்த வாதம் வேறொன்று. பெரும்பான்மையின் வேகத்துக்குக் கடிவாளம் வேண்டும். பேச்சுரிமையையும் மத சுதந்திரத்தையும் 51 பேர் கூடி 49 பேரிடமிருந்து பறிக்கலாகாது. இத்தடையையே குடியரசு என்கிறோம் என்பர். தடை வேண்டும் என்பதில் எனக்கு ஆட்சேபணை சிறிதும் இல்லை. ஆனால், முடியரசாகிய கனடாவில் 1982-ஆம் ஆண்டின் உரிமைச் சாசனம் இத்தகைய தடையை விதித்து, நீதிமன்றத்தின் காவலில் வைத்திருக்கிறது. மாறாக, சோவியத் யூனியனின் உறுப்பு நாடுகள் ஒவ்வொன்றும் குடியரசு என்றே பெயர் பூண்டிருந்தன. எனவே அத்தடை சட்டவரம்புக்கு உட்பட்ட ஆட்சியின் குணம். குடியரசுக்கு மட்டும் அது உரியதன்று. நம் அரசியல் நிர்ணய சபையில் நேரு 1946 டிசம்பர் 13-இல் கொண்டுவந்த குறிக்கோள் தீர்மானத்தில் குடியரசு என்ற சொல் மட்டுமே இருக்க, பின்னர் அரசியல் சட்டத்தின் முகவுரையில் ஜனநாயகமும் அதன் அருகே இடம்பெற்றது, இவ்விரண்டும் ஒன்றையொன்று விலக்கும் என்று இங்கு யாரும் கருதாமையாலேயாம்.

ஆகவே என் முடிபு இது. முடி துறந்த நாடு என்ற அளவில் அமெரிக்கா தொடக்கம் முதலே குடியரசு. ஆனால், அடிமைகளை உடைமையாக வைத்திருந்த அந்நாடு மாடிசனின் சொந்த இலக்கணத்துக்குள்ளேயே அடங்காது. 1870-இல் இனத்தின் பெயரால் வாக்குரிமை மறுப்பதைத் தடுத்து, 1913-இல் மேற்சபைத் தேர்தலை மக்களிடம் விட்டு, 1920-இல் மாதர்க்கு வாக்குரிமை வழங்கி, 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்தால் தென்மாநிலக் கறுப்பர்க்கு ஏட்டளவில் இருந்த உரிமையை நடைமுறைக்குக் கொணர்ந்த பின்னரே ஜனநாயகம் என்ற பெயருக்கு அது உரித்தாயிற்று. அதுவும் குறைவற்றதன்று. 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி சுமார் 3 கோடியே 95 லட்சம் மக்களைக் கொண்ட கலிபோர்னியாவுக்கும், 5 லட்சத்து 77 ஆயிரம் மக்களைக் கொண்ட வையோமிங்குக்கும் மேற்சபையில் இரண்டிரண்டு இடங்களே. எந்த மாநிலத்துக்கும் இச்சம உரிமையை அதன் சம்மதமின்றிக் குறைக்கலாகாது என்று ஐந்தாவது ஷரத்து விதித்திருப்பதால், மற்ற ஷரத்துகளைத் திருத்தப் போதுமான முக்கால் பங்கு மாநிலங்களின் ஒப்புதலும் இதனை மாற்றப் போதாது.