கூலி, தாயகம் திரும்பியோர், அகதி: ஒரே மக்களுக்கு மூன்று பெயர்கள்

இராமேசுவரம் தீவுக்கு எதிரே, நிலப்பகுதியின் முனையில் இருக்கிறது மண்டபம் முகாம். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களை ஆங்கிலேயர் ஆட்சியில் நோய்த்தடுப்புக்காக அங்கே நிறுத்திவைத்தனர். அன்று அவர்களுக்குப் பெயர் ‘கூலி’. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்திற்குப் பின் அவர்களின் வழித்தோன்றல்கள் அதே முகாமில் வந்து இறங்கினர். பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. 1983க்குப் பின் படகேறி வந்தவர்களும் அங்கேயே தங்கவைக்கப்பட்டனர், அவர்கள் ‘அகதிகள்’. அவர்களுள்ளும் மலையக மக்கள் இருந்தனர். எந்தப் பெயர் பதிவேட்டில் எழுதப்பட்டதோ, அதுவே ஒருவருக்குரிய உரிமையைத் தீர்மானித்தது. ஆகவே இச்சொற்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

கூலி

தமிழில் கூலி என்பது உழைப்புக்குரிய ஊதியம். காலனிய ஆவணங்களில் அது உழைப்பவரின் பெயராயிற்று. பண்ணையடிமை முறையிலிருந்தும் பஞ்சத்திலிருந்தும் தப்பிக் கடல்கடந்தோரில் பறையர், பள்ளர், அருந்ததியர் ஆகிய மக்களே பெரும்பான்மையினர். கங்காணியிடம் பெற்ற முன்பணம் அவர்களைக் கடனாளிகளாக்கியது. சாதியும் உடன் சென்று லயங்களில் குடியேறியது.

நாடற்றவர்

இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ, இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ அந்நாட்டில் பிறந்ததற்குச் சான்று கோரியது. லயத்தில் பிறந்தவர்களுள் பலரிடம் அத்தகைய பதிவு இல்லை. இலட்சக்கணக்கானோர் ஒரே சட்டத்தால் நாடற்றவராயினர்.

தாயகம் திரும்பியோர்

1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பேச்சுவார்த்தை மேசையில் அம்மக்களின் பேராளர் எவரும் இல்லை.

‘திரும்புதல்’ என்னும் வினை, முன்பு அங்கிருந்தவருக்கே பொருந்தும். வந்தோரில் மிகப் பலர் இலங்கையில் பிறந்தவர்கள். இந்திய மண்ணை அதுவரை கண்டதில்லை. ‘தாயகம்’ என்னும் சொல் அதனினும் பெரிய உண்மையை மறைக்கிறது. பாட்டனார் விட்டுச்சென்ற ஊரில் அவருக்குப் பட்டா நிலம் இருந்ததில்லை. ஊருக்கு வெளியே சேரி மட்டுமே இருந்தது. திரும்புவதற்கு அங்கே என்ன இருந்தது?

நீலகிரியில் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்திலும், குமரி மாவட்டத்தின் அரசு ரப்பர்த் தோட்டங்களிலும், கேரளத்தின் புனலூரிலும், கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளிலும் அவர்கள் குடியமர்த்தப்பட்டனர். லயத்திலிருந்து வந்தோர் மீண்டும் லயத்திற்கே சென்றனர்.

சாதிச் சான்றிதழ்ச் சிக்கல் இங்கே தொடங்குகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 341ஆம் பிரிவின்படி பட்டியல் சாதிகளின் வரிசை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 1950 ஆகஸ்ட் 10இல் வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின்போது குடும்பம் எங்கே நிலையாக வாழ்ந்தது என்பதே அளவுகோல். அன்று இவர்கள் இலங்கையில் இருந்தனர். பூர்வீக ஊரின் ஆவணத்தைக் கொண்டுவா என்னும் கேள்விக்கு, அந்த ஊரில் எதையும் உடைமையாகக் கொள்ளாத குடும்பம் எதைக் காட்டும்? சாதியால் துரத்தப்பட்டவரிடமே சாதிக்குச் சான்று கேட்கப்படுகிறது.

அகதி

‘கதி’ அற்றவர் என்பது இச்சொல்லின் பொருள். ஈழ வழக்கில் ‘ஏதிலி’ என்பர். 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்களுள் பலர் இலங்கையிலேயே தங்கிவிட நேர்ந்தது. பின்னர் உயிருக்கு அஞ்சிப் படகேறியவர்களை இந்தியச் சட்டம் வேறு பெயரால் அழைத்தது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. உரிய ஆவணமின்றி வந்தவர், 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ‘சட்டவிரோதக் குடியேறி’. பதிவின் வழியாகக் குடியுரிமை கோர இயலாதவர். 1987 ஜூலை 1க்குப் பின் முகாமில் பிறந்த குழந்தையும், பெற்றோர் இருவரும் குடியுரிமை அற்றவராயின், பிறப்பால் குடிமகனாவதில்லை.

இதன் விளைவைக் கற்பனை செய்வது கடினமன்று. கப்பலில் வந்த அண்ணன் வாக்காளர். படகில் வந்த தம்பி சட்டவிரோதக் குடியேறி. இருவருக்கும் பாட்டன் ஒருவரே.

2019 ஜூனில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, இந்திய வம்சாவளி மலையகத் தமிழரின் நிலை தனித்தது என்பதைக் கருத்திற்கொண்டு, அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்க ஆணையிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலோ இலங்கை இடம்பெறவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு முகாம்களின் பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என மாற்றியது. இழிவு நீங்கியது நன்றே. ஆனால் குடியுரிமை பெயர்ப்பலகையால் வருவதன்று.

நாம் எழுத வேண்டிய சொல்

விண்ணப்பங்களிலும் வழக்குகளிலும் ‘தாயகம் திரும்பியோர்’ என்பதை நாம் கைவிட இயலாது; மறுவாழ்வு உரிமைகள் அச்சொல்லோடு பிணைக்கப்பட்டுள்ளன. நமது கட்டுரைகளிலும் ஆய்வேடுகளிலும் ‘ஒப்பந்தத்தால் அனுப்பப்பட்டோர்’ என எழுதலாம். அனுப்பியவர் எவர் என்னும் கேள்வி அதில் நிற்கிறது. ‘மலையகத் தமிழர்’ என்பது அம்மக்கள் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயர். அதற்கே முதன்மை தருவோம். எச்சொல்லை எழுதினும், அவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள் என்பதைச் சேர்த்தே எழுதுவோம். அதை விட்டுவிட்டால் அவர்கள் ஏன் சென்றனர் என்பதும், திரும்பியபின் ஏன் நிலமற்றே நின்றனர் என்பதும் விளங்கா.