தாகத்தின் காலம்: துரியன் காய்ப்பும் உறையூரின் பருவமும்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உறவுள்ள குடும்பங்கள் திருச்சி வட்டாரத்தில் ஏராளம். அங்கே துரியனைச் சுவைத்துத் திரும்புகிறவர்களுக்கு வீட்டுக் கொல்லையிலும் ஒரு மரம் வளர்த்துப் பார்க்கும் ஆசை வருகிறது. பிள்ளைப்பேற்றுக்கு உதவும் பழம் என்ற நம்பிக்கை அந்த ஆசைக்கு இன்னொரு காரணம். இந்த ஆசையோடு ஒரு வாதமும் கேட்கப்படுகிறது: துரியன் பூக்க வறட்சி வேண்டும், வறட்சிக்குத் திருச்சியில் குறைவில்லை, ஆகவே நாற்றுக்குத் தண்ணீர் மட்டும் பார்த்துக்கொண்டால் திருச்சி நகரின் உறையூரிலும் காய்க்கும். இந்த வாதத்தின் முதல் பகுதி சரியானது. முடிவு தவறு. அது எங்கே பிசகுகிறது என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். விதைக்கன்று காய்ப்புக்கு வர 7 முதல் 10 ஆண்டுகள் ஆகும்; ஒட்டுக்கன்றுக்கும் நான்கைந்து ஆண்டுகள் வேண்டும். தவறான நம்பிக்கையில் ஒரு குடும்பம் இத்தனை காலத்தை இழப்பது சிறிய விஷயமன்று.

துரியனின் தாயகம் போர்னியோ, சுமத்திரா மழைக்காடுகள். பருத்தி, பூவரசு, இலவு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த மரம் இது. ஆண்டு மழை 1500 மி.மீட்டருக்குக் குறையாமலும், வெப்பம் பெரும்பாலும் 24 முதல் 30 பாகை செல்சியசுக்குள்ளும் இருக்கும் இடங்களில் செழிக்கிறது. ஆனால் இடைவிடாத ஈரத்தில் அது தளிர்விட்டுக்கொண்டே இருக்கும், பூக்காது. ஒன்றிரண்டு வாரம் மழை நின்று மேல்மண் காய்ந்தால், கிளைப் பட்டையின் மேல் கடுகளவு முடிச்சுகள் எழும். அவைதாம் பூமொட்டுகள். தாய்லாந்தின் சந்தபுரி விவசாயிகள் இதற்காகவே மரத்தடிச் சருகைக் கூட்டி அகற்றி, பாசனத்தை நிறுத்தி, மண்ணைக் காயவிடுகிறார்கள். முடிச்சுகள் தெரிந்ததும் தண்ணீரைக் கொஞ்சங்கொஞ்சமாகத் திரும்பக் கொடுக்கிறார்கள். அப்போது தாமதித்தால் மொட்டுகள் உறங்கிப்போகும். திடீரென வெள்ளமாய் விட்டால் மரம் இளந்தளிர் விடும். தளிருக்கும் பிஞ்சுக்கும் உணவுப் போட்டி வந்து பிஞ்சு உதிரும்.

இதிலிருந்து தெரிவது, வறட்சியின் அளவைவிட அது வரும் வரிசை முக்கியம் என்பதே. மாதக்கணக்கில் நன்றாக உண்டு, முற்றிய இலைகளில் மாவுச்சத்தைச் சேமித்து வைத்த மரத்துக்கே குறுகிய தாகம் பூப்பதற்கான தூண்டுதலாகிறது. வற்றிக் கிடக்கும் மரத்துக்கு அது இன்னொரு நெருக்கடி. அந்தத் தாகம் தீர்ந்த பிறகும் காய் முற்ற மூன்று முதல் நாலரை மாதம் பிடிக்கும். அவ்வளவு காலமும் மண்ணில் ஈரம் சீராக நிற்க வேண்டும்.

இந்தக் கணக்கை உறையூருக்குப் பொருத்திப் பார்ப்போம். திருச்சியின் ஆண்டு மழை சுமார் 850 மி.மீ.; அதில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடப்படும். பேட்டவாய்த்தலையில் பிரிந்து உறையூர் வழியே ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலும் அந்த ஒழுங்கில்தான் நிறைந்து வடிகிறது. தை கழிந்து மாசியில் துரியன் கேட்கும் தாகம் இங்கே தானாகவே கிடைத்துவிடும். பங்குனியில் மொட்டு கட்டக்கூடும். அதுவரை வாதம் நிற்கிறது. ஆனால் காய் பருக்க வேண்டிய மாதங்கள் சித்திரையும் வைகாசியும். வாய்க்கால் வறண்டிருக்கும், அக்கினி நட்சத்திரத்தில் வெயில் 40 பாகையைத் தாண்டும். துரியனின் உறிஞ்சுவேர்கள் பெரும்பாலும் மேல்மண் அரை மீட்டருக்குள் படர்பவை. அதே சித்திரையில் இப்பகுதியின் இமாம் பசந்த் மா ஆழமாக வேரோடி நின்று காயைத் தாங்கிவிடுகிறது. துரியனுக்கு அந்த வசதி இல்லை. ஆனி, ஆடியிலும் நிலைமை தேறாது. தென்மேற்குப் பருவம் திருச்சிக்கு மழையைவிடக் காற்றைத்தான் அதிகம் தருகிறது. மேலே பளபளத்தும் அடியில் செம்பு நிறச் செதிலுடனும் இருக்கும் துரியன் இலை, வறண்ட காற்றில் நுனியிலிருந்து கருகத் தொடங்கும்.

ஆழ்துளைக் கிணறு இருக்கிறதே என்று கேட்கலாம். தண்ணீர் கிடைத்தாலும் மண் இன்னொரு தடையாக நிற்கிறது. துரியன் சற்றே அமிலத்தன்மையுள்ள மண்ணை, அதாவது கார அமில நிலை 5 முதல் 6.5 வரை உள்ளதை விரும்பும். திருச்சியைச் சுற்றி நாவலூர் குட்டப்பட்டு போன்ற இடங்களில் காரத்தன்மை மிகுந்த களர் நிலம் பரவிக் கிடக்கிறது. உப்பைத் தாங்கும் திருச்சி 1, திருச்சி 3 நெல் ரகங்கள் இந்த மண்ணின் தேவையிலிருந்து பிறந்தவை. அம்மண்ணில் இரும்பும் துத்தநாகமும் வேருக்கு எட்டாமல் போய், நரம்புகளுக்கிடையே இலை மஞ்சளாகும். ஸ்ரீரங்கம் தீவின் வண்டல் இதைவிட மேல். ஆனால் வாய்க்கால் ஓடும் மாதங்களில் நிலத்தடி நீர் ஏறி நின்றால் பூஞ்சணம் போன்ற பைட்டோப்தோரா கிருமி வேரை அழுகவைக்கும். வாழை வாழும் மண்ணெல்லாம் துரியனுக்கு ஆகாது.

பூவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். துரியன் பூ பிற்பகலில் விரிந்து, அந்தி சாய்ந்ததும் மகரந்தம் விட்டு, விடிவதற்குள் இதழும் கேசரமும் உதிர்த்துவிடும். தாயகத்தில் தேனுண்ணும் வௌவால்கள் இதற்குத் துணை. பல ரகங்கள் தன் மகரந்தத்தை ஏற்பதில்லை. கொல்லையில் தனியாக நிற்கும் ஒற்றை மரம் பூத்தாலும் காய்க்காமல் போவதற்கு இதுவே பெருங்காரணம். இலவம்பூவைத் தேடிவரும் பழந்தின்னி வௌவால்கள் தமிழ்நாட்டில் உண்டு என்பதால் வௌவாலைவிட, வேறு ரக மரம் அருகில் இல்லாததையே நான் பெரிய குறையாகக் கருதுகிறேன்.

தமிழ்நாட்டில் துரியன் உண்மையாகவே காய்க்கும் இடங்களில் முக்கியமானது நீலகிரிச் சரிவு. 1871இல் அரசுத் தோட்டமான பர்லியாறும், 1900இல் தொடங்கிய கல்லாறு பண்ணையும் இதற்குச் சான்று. அங்கே பழம் வருவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. காய் முற்றும் காலத்தைப் பின்னோக்கி எண்ணினால் பூப்பு பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள் விழுகிறது. மரம் தாகம் கொள்ளும் மாதங்கள் உறையூரிலும் பர்லியாறிலும் ஏறக்குறைய ஒன்றே. அதற்குப் பிறகுதான் இரண்டும் பிரிகின்றன: மலைச்சரிவில் ஏப்ரல், மே மாதங்களில் கோடை இடிமழை, ஓடையின் ஈரம், மேகநிழல். இலங்கையும் இதையே உறுதிப்படுத்துகிறது. அங்கே துரியன் கண்டி, கம்பகா, களுத்துறை போன்ற ஈரவலய மாவட்டங்களின் பயிர். வடகிழக்குப் பருவத்தை நம்பி, சுண்ணாம்பு மண்ணில் கிணற்றுப் பாசனம் செய்யும் யாழ்ப்பாணத்தில் அது வேரூன்றவில்லை.

ஆகவே உறையூரில் தென்னை நிழலும் சொட்டுநீரும் சேகரித்த மழைநீரும் கொடுத்து ஒரு மரத்தை உயிரோடு வைத்திருக்க முடியலாம். ஆண்டுதோறும் காய்ப்பதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. காசு போட்டுத் தோப்பு வைக்கச் சொல்வது அதைவிட நியாயமில்லை. திருச்சிக்குப் பக்கத்தில் சோதிக்கத் தகுந்த இடம் உண்டென்றால் அது மிளகும் பலாவும் விளையும் கொல்லிமலையின் தாழ்ந்த, காற்று மறைவான பள்ளத்தாக்குகள். உச்சியின் மார்கழிக் குளிர் துரியனுக்கு ஒத்துவராது. கல்லாறு, பர்லியாறு மரங்களின் ஆண்டு விளைச்சலை அருகிலுள்ள மழைப் பதிவுகளோடு வைத்து ஒப்பிட்டால், எத்தனை நாள் தாகம், அதன்பின் எத்தனை நாளில் மழை என்ற அளவு நம் மண்ணுக்கே உரியதாகக் கிடைக்கும். கொல்லிமலையில் இடம் தேடுவோர் மொத்த ஆண்டு மழையைப் பார்ப்பதற்கு முன், சித்திரை, வைகாசி மழையைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும்.