வெட்கத்தை ஆராய்ந்த பேராசிரியை

2010 ஜூன் மாதம் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் ஒரு கூட்டம் நடந்தது. டெட் என்ற பெயரில் உலகமெங்கும் நடக்கும் சொற்பொழிவுகளின் உள்ளூர்ப் பதிப்பு அது. பிரெனே பிரவுன் என்ற பேராசிரியை அதில் இருபது நிமிடம் பேசினார். அப்போது அவருக்கு வயது 44. ஐந்நூறு பேர் பார்த்தாலே தலைகுனிவு, ஆயிரத்தைத் தாண்டினால் தொலைந்தேன் என்று பேசி முடித்த பிறகு பயந்திருந்ததாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். மூன்று நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லையாம். அந்தக் காணொளியை இன்றுவரை ஆறு கோடி முறைக்கும் மேல் பார்த்திருக்கிறார்கள்.

பேச்சு பிரபலம்தான். ஆனால் எனக்கு அதற்கு முந்தைய காலமே சுவையாகப் படுகிறது. அதைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன்.

பிரவுன் 1965-ல் சான் அன்டோனியோ நகரில் பிறந்தவர். கல்லூரிப் படிப்பு நேர்க்கோட்டில் போகவில்லை. நடுவில் விட்டார், ஓட்டல் வேலை, தொலைபேசி நிறுவன வேலை என்று பலவும் பார்த்தார். சமூகப்பணியில் இளங்கலைப் பட்டம் வாங்கிய 1995-ல் அவருக்கு முப்பதை நெருங்கும் வயது. அடுத்த ஆண்டு முதுகலை, 2002-ல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். நம் ஊரில் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்களை மருத்துவமனையிலோ காப்பகத்திலோ பார்த்திருப்பீர்கள். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டில் யார் இருக்கிறார்கள், சாப்பாட்டுக்கு என்ன வழி என்று விசாரிப்பவர்கள். அந்தத் துறையிலிருந்து வந்தவர் இவர். மனோதத்துவ டாக்டர் என்று சிலர் எழுதுவது தவறு.

வெட்கத்தைப் பற்றி அவருக்கு முன்பும் எழுதியிருக்கிறார்கள். டார்வின் 1872-ல் வெளியிட்ட உணர்ச்சிகள் பற்றிய நூலில், முகம் சிவப்பதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். உயிரினங்களில் மனிதனுக்கு மட்டுமே உரிய குணமாக அதை அவர் கண்டார். பிறகு மனநல ஆய்வு வளர்ந்தபோது குற்ற உணர்வுக்குக் கிடைத்த கவனம் வெட்கத்துக்குக் கிடைக்கவில்லை. 1971-ல் ஹெலன் பிளாக் லூயிஸ் என்ற அம்மையார், சிகிச்சை அறைகளில் பதிவான உரையாடல்களை வரிவரியாகப் படித்துப் பார்த்தார். நோயாளியின் பேச்சில் வெட்கம் வந்து வந்து போகிறது, ஆனால் நோயாளியும் அதைப் பெயர் சொல்வதில்லை, வைத்தியரும் கவனிப்பதில்லை என்று கண்டார். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டையும் அவர் தெளிவாக்கினார். "தப்புச் செய்துவிட்டேன்" என்பது குற்ற உணர்வு. "நானே தப்பான ஆள்" என்பது வெட்கம். முதலாவதைத் திருத்திக்கொள்ள வழி உண்டு. இரண்டாவது வந்தால் மனிதன் ஒளிந்துகொள்ளத்தான் பார்ப்பான்.

இங்கே நம் மொழியில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெட்கம், நாணம், கூச்சம், அவமானம் என்று நமக்குப் பல சொற்கள். எல்லாம் ஒன்றல்ல. திருக்குறளில் நாணுடைமை என்றே ஓர் அதிகாரம், 102-வது. அங்கே நாணம் என்பது தகாததைச் செய்ய அஞ்சும் உயர்ந்த குணம். பிரவுன் ஆராய்ந்தது அதையல்ல. 'நான் இருக்கிறபடி என்னை யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்' என்று உள்ளே அரிக்கும் அந்த எண்ணத்தை. 'வல்னரபிலிட்டி' என்ற சொல்லோ இன்னும் கடினம். பலவீனம் என்று மொழிபெயர்த்தால் அவர் எதை மறுத்தாரோ அதையே எழுதியதாகும். காயம் படலாம் என்று தெரிந்தும் மனதைத் திறந்து நிற்பது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

அவர் கையாண்ட முறையையும் சொல்ல வேண்டும். 1960-களில் பார்னி கிளேசர், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் கலிபோர்னியா மருத்துவமனைகளில் மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைக் கவனித்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து 1967-ல் ஒரு புதிய ஆய்வு முறையை வகுத்தார்கள். கையில் முன்முடிவோடு போகக் கூடாது. போய்க் கேட்க வேண்டும், கேட்டதை எழுத வேண்டும், ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னதோடு ஒப்பிட்டுக்கொண்டே வர வேண்டும். கோட்பாடு அதிலிருந்து தானாக எழ வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கான வேலை. எண்ணி அளப்பதே ஆராய்ச்சி என்று நம்பும் பேராசிரியர்களுக்கு இது அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பலருக்குப் பிடிப்பதில்லை.

பிரவுன் இந்த வழியில் 215 பெண்களிடம் பேசி, 2006-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வெட்கம் ஒரு வலை, நேருக்கு நேர் முரண்படும் எதிர்பார்ப்புகளால் பின்னப்பட்ட வலை என்பது அதன் சாரம். வேலைக்கும் போக வேண்டும், பிள்ளையை விட்டுப் போனாள் என்ற பேச்சும் வரக் கூடாது என்பதுபோல. தோற்றம், தாய்மை, பணம், உடல்நலம் என்று வெட்கம் பிறக்கும் பன்னிரண்டு இடங்களை அவர் தொகுத்தார். அவற்றில் முதுமையும் ஒன்று. அதைப் படித்தபோது சற்று நிறுத்திவிட்டேன். காது மந்தமானதை வெளியே சொல்லக் கூசி, புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டுப் போகும் நண்பர்கள் எனக்கு உண்டு. கருவி வாங்கப் பணம் இல்லாமல் அல்ல. ஒருவர் கல்யாணங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

வெட்கத்திலிருந்து மீண்டவர்கள் என்ன செய்தார்கள் என்றும் அந்த 215 பேரிடமிருந்தே அவர் கற்றார். எது தன்னைச் சுடுகிறது என்று அடையாளம் கண்டார்கள், அதை வாய்விட்டுச் சொன்னார்கள், நம்பிக்கையான ஒருவரிடம் போனார்கள். இவற்றை எல்லாரும் எடுத்துச் சொல்கிறார்கள். இன்னொன்றும் உண்டு: இந்த எதிர்பார்ப்பை என் தலையில் வைத்தது யார், அதனால் யாருக்கு லாபம் என்று கேட்பது. சமூகப்பணித் துறையின் முத்திரை இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். தனி மனிதனைத் தேற்றுவதோடு அது நிற்பதில்லை.

ஹூஸ்டன் பேச்சில் அவர் தன் கதையையும் சேர்த்துச் சொன்னார். மனதைத் திறந்து வைப்பவர்களே நிறைவாக வாழ்கிறார்கள் என்று தன் ஆய்வே காட்டியபோது, எல்லாவற்றையும் கட்டுக்குள் வைத்துப் பழகிய அவரால் தாங்க முடியவில்லை. ஆலோசகரிடம் போனார். போனவர், குடும்பக் கதை வேண்டாம், சிறுவயதுக் கதை வேண்டாம், வழி மட்டும் சொல்லுங்கள் என்று நிபந்தனை போட்டாராம்!

புகழோடு ஏச்சும் வந்தது. காணொளியின் கீழே அவருடைய உடல் எடையைக் கேலி செய்து எழுதினார்கள். அந்த மனவேதனையில் இருந்தபோதுதான் 1910-ல் தியோடர் ரூஸ்வெல்ட் பாரிசில் ஆற்றிய உரை அவர் கண்ணில் பட்டது. களத்தில் இறங்கிப் புழுதி படிந்தவனுக்கே மதிப்பு, ஓரத்தில் நின்று குறை சொல்பவனுக்கு அல்ல என்ற கருத்துடைய உரை. 2012-ல் வந்த அவருடைய நூலின் தலைப்பு அதிலிருந்து எடுத்ததே.

அதன் பிறகு நூல்கள், 2019-ல் நெட்பிளிக்ஸ் நிகழ்ச்சி, கம்பெனி அதிகாரிகளுக்குத் தலைமைப் பயிற்சி என்று அவர் பாதை வேறு பக்கம் விரிந்தது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் மேலதிகாரிகள் மனம் திறப்பது பற்றிய வகுப்புகளில் 'யாருக்கு லாபம்' என்ற கேள்வி எவ்வளவு தூரம் ஒலிக்கும் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. மனதைத் திறந்த மேலாளருக்குக் கைதட்டு கிடைக்கும். அதையே செய்த கடைநிலை ஊழியருக்கு என்ன கிடைக்கும் என்பதை அலுவலகத்தில் வேலை பார்த்த நாம் அறிவோம்.

ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் விட முடியாது. முதல் நான்கு ஆண்டுகள் அவர் பெண்களிடம் மட்டுமே பேசினார். ஒருநாள் நூலில் கையெழுத்து வாங்க வந்த பெண்ணின் கணவர், மஞ்சள் ஸ்வெட்டர் போட்டவர், பின்தங்கி நின்று, ஆண்களைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டார். ஆண்களை நான் ஆராயவில்லை என்றார் பிரவுன். வசதியாகப் போயிற்று என்றார் அவர். தான் வெள்ளைக் குதிரையிலிருந்து விழுவதைப் பார்ப்பதைவிட, அதன் மேலேயே செத்துப்போவதைத்தான் மனைவியும் மூன்று மகள்களும் விரும்புவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகுதான் பிரவுன் ஆண்களையும் பேட்டி காணத் தொடங்கினார்.