ஒரு கலம் நெல்லும் பதினாறு நாளும்: பேரெண்களை எண்ணும் காலம்

பேரெண்களுக்குத் தமிழில் தனிப்பெயர்கள் உண்டு என்பது பலகாலும் எடுத்துரைக்கப்பட்ட செய்தி. அப்பெயர்கள் சுட்டும் தொகைவரை ஒருவர் வாய்விட்டு எண்ணினால் எத்துணைக் காலம் செல்லும் என்ற வினாவோ அத்துணைக் கவனம் பெறவில்லை. அவ்வினாவை எழுப்பினால் பேரெண்களைப் பற்றிய நம் பெருமித உரைகள் சிலவற்றைத் திருத்திக்கொள்ள நேரும்.

ஒலிக்கும் காலத்தை அளக்கும் கருவி தமிழ் இலக்கணத்திலேயே உள்ளது. கண்ணிமைத்தலையும் கைந்நொடித்தலையும் மாத்திரைக்கு அளவாகத் தொல்காப்பியம் கூறுகிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கும் குற்றியலுகரத்துக்கும் அரை. இக்கணக்கின்படி 'ஒன்று' என்னும் சொல் 2 மாத்திரை பெறும். 7,77,777 என்பதைப் பழைய முறைப்படி 'எழுநூறாயிரத்தெழுபத்தேழாயிரத்தெழுநூற்றெழுபத்தேழு' எனப் புணர்த்துச் சொன்னால் 29½ மாத்திரை ஆகிறது. எண் பெருகப் பெருக அதன் பெயரும் நீள்கிறது; எண்ணுவோன் வேகம் தளர்கிறது. மாத்திரையை ஐந்தில் ஒரு வினாடி எனக் கொண்டால், இவ்வோர் எண்ணைச் சொல்லவே ஆறு வினாடி வேண்டும்.

இம்மதிப்பீடு மிகையன்று. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பர்மிங்காமில் ஜெரமி ஹார்ப்பர் என்பவர் 2007 ஜூன் 18 முதல் செப்டம்பர் 14 வரை, நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 மணி நேரம் ஆங்கிலத்தில் எண்ணி, பத்து லட்சத்தை 89 நாளில் எட்டினார். எண் ஒன்றுக்குச் சராசரியாக 5 வினாடிக்குச் சற்று மேல். ஆறு வினாடி வீதம், அதே உழைப்பில், கோடிவரை செல்ல 1,041 நாள் கடந்துவிடும். எட்டு வினாடி வீதம் நூறு கோடிக்கு 380 ஆண்டுகள். ஒரு மனித வாழ்வு அதற்குப் போதாது.

ஆகவே கோடிக்கு அப்பாற்பட்ட பெயர்கள் எண்ணிக் கண்டவை அல்ல, பெருக்கிப் படைத்தவை. லலிதவிஸ்தரம் என்னும் பௌத்த நூலில் போதிசத்துவர் கோடியிலிருந்து நூறுநூறாய்ப் பெருக்கி 23 படிகளில் 10-இன் 53-ஆம் அடுக்கை அடைகிறார். அண்டத்தை நிரப்பும் மணலுக்குக் கணக்குச் சொன்ன ஆர்க்கிமிடீசும் மணலை எண்ணவில்லை. கசகசா விதையளவில் தொடங்கிப் பெருக்கிச் சென்றார்.

தமிழில் நிலை இன்னும் நுட்பமானது. ஐ, அம், பல் என முடியும் எண்ணுப்பெயர்களுக்குத் தொல்காப்பியம் புணர்ச்சி விதி கூறுகிறது. உரையாசிரியர்கள் தாமரை, வெள்ளம், ஆம்பல் என எடுத்துக்காட்டுவர். ஆனால் விதி கூறுவது புணர்ச்சியை, மதிப்பை அன்று. பரிபாடலின் இரண்டாம் பாடலில் கீரந்தையார் நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம் ஆகியவற்றை ஊழிகளின் தொகையாக ஆள்கிறார். அங்கே அவை எண்ணி முடிக்க வேண்டிய தொகைகள் அல்ல, முடிவுறாக் காலத்தின் அளவைகள். இச்சொற்களுக்கு நேராக இத்தனைச் சுழியம் என இன்று அச்சாகும் பட்டியல்கள் தம்முள்ளேயே முரண்படுகின்றன. பிற்கால மதிப்பைச் சங்கச் சொல்லின் மீது ஏற்றிக் கூறுவது ஆய்வாகாது. பழம்பெருமைக்கும் அதனால் யாதொரு பயனும் இல்லை.

எண்ண வேண்டிய இடத்தில் தமிழர் என்ன செய்தனர் என்பதற்கு முகத்தல் அளவையே சான்று. பழைய வாய்பாட்டில் 360 நெல் ஒரு செவிடு. 5 செவிடு ஓர் ஆழாக்கு. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி. நாழிக்கு 14,400 நெல். 8 நாழி ஒரு மரக்கால். 12 மரக்கால் ஒரு கலம். எனவே கலம் ஒன்றுக்கு 13,82,400 நெல்மணிகள். வினாடிக்கு ஒன்றாக இரவும் பகலும் எண்ணினால் மிகச் சரியாக 16 நாள். பெயர் சொல்லி, ஆறு வினாடி வீதம் எண்ணினால் 96 நாள். களத்து மேட்டில் நெல்லளப்பவரோ முதல் மரக்காலுக்கு 'ஒன்று' என்னாது 'லாபம்' என்று தொடங்கி, பன்னிரண்டு முறை குரல் கொடுத்து ஒரு கலத்தை அளந்து முடித்துவிடுவார்.