மென்செயலி வளர்ந்த கதை

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் இறுதியாண்டு மாணவர் மூவர் ஒரு கருவி செய்தனர். கைகர் எண்ணியிலிருந்து வரும் மின்துடிப்புகளை நிமிடந்தோறும் எண்ணிப் பதிவு செய்வது அதன் வேலை. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது மின்சுற்றுப் பலகை கருகிவிட்டது. கடையில் கிடைத்த புதிய பலகையிலோ வேறொரு நிறுவனத்தின் சில்லு இருந்தது. துடிப்புகளை எண்ணும் சுற்று இரண்டே நாளில் புதிய பலகைக்கு மாறிவிட்டது. கருவியின் மூளையாகிய செயலியை மட்டும் மாற்ற முடியவில்லை. அதைத் தன் சில்லுகளில் மட்டுமே பயன்படுத்தலாம் என்ற நிபந்தனையோடு பழைய நிறுவனம் கொடுத்திருந்தது. மாணவர்கள் நிரலின் பெரும்பகுதியை மீண்டும் எழுதினார்கள்.

செயலியைத் தேர்ந்தெடுத்தபோது அவர்கள் வேகத்தைக் கேட்டார்கள்; அளவைக் கேட்டார்கள். கேட்காமல் விட்டது என்ன? விடையை வரலாற்றில் தேடுவோம்.

எழுதி அழிக்கும் சில்லு

சாதாரணச் சில்லு ஆலையில் உருவாகும்போதே அதன் வேலை முடிவாகிவிடுகிறது. எஃப்.பி.ஜி.ஏ. எனப்படும் சில்லு அப்படியன்று. வாங்கியவரே அதன் உட்சுற்றைத் தம் மேசையில் அமைத்துக்கொள்ளலாம். வேண்டாதபோது அழித்து வேறொன்றாக அமைக்கலாம். இவ்வகையின் முதல் வணிகச் சில்லை, ராஸ் ஃப்ரீமனும் நண்பர்களும் 1984-இல் தொடங்கிய சைலிங்ஸ் நிறுவனம் 1985-இல் வெளியிட்டது. அதில் 64 தருக்கக் கட்டங்கள் இருந்தன.

ஒரு கட்டம் வேலை செய்யும் விதம் எளியது. மடக்கைக் கணக்குப் போடும் மாணவர் ஒவ்வொரு முறையும் மடக்கையைக் கணக்கிடுவதில்லை. அட்டவணையைப் புரட்டி விடையை எடுத்துக்கொள்கிறார் அல்லவா? ஒவ்வொரு கட்டத்திலும் அதுபோன்ற ஒரு சிறு அட்டவணை உள்ளது. நான்கு உள்ளீடுகள் என்றால் 16 விடைகள். அட்டவணையில் எழுதிய விடைகளை மாற்றினால் கூட்டும் சுற்று ஒப்பிடும் சுற்றாகிவிடும்.

முழுச் செயலி ஒன்றை அமைக்க 64 கட்டங்கள் போதா. சில்லுகள் வளர வளர அதுவும் கைகூடியது. 1995-இல் ஜான் கிரே என்னும் பொறியாளர் 400 கட்டங்கள் கொண்ட சில்லில் 32-பிட் செயலி ஒன்றை அமைத்துக் காட்டினார். இவ்வாறு எழுத்து வடிவில் இருந்து, வேண்டும்போது சில்லில் ஏற்றப்படும் செயலியே மென்செயலி.

சில்லு நிறுவனங்கள் இதன் பயனை உடனே உணர்ந்தன. ஆல்டெரா நிறுவனம் 2000-இல் நியோஸ் என்ற மென்செயலியை வெளியிட்டது. சைலிங்ஸ் நிறுவனத்தின் மைக்ரோபிளேஸும் அதை ஒட்டி வந்தது. இரண்டும் நல்ல செயலிகளே. ஆனால் ஒவ்வொன்றும் தன் நிறுவனத்தின் சில்லோடு கட்டுண்டு கிடந்தது.

விண்வெளி கேட்ட செயலி

இந்தக் கட்டு வேண்டாம் என்று நினைத்தவர்களுள் ஐரோப்பிய விண்வெளித் துறையினர் முக்கியமானவர்கள். ஒரு விண்கலத் திட்டம் முடியப் பத்தாண்டும் ஆகலாம். அதற்குள் சில்லு நிறுவனம் தன் செயலியைக் கைவிட்டால் என்ன செய்வது? 1997-இல் ஐரோப்பிய விண்வெளி அமைப்பில் யிரி கைஸ்லர் லியான் என்ற செயலியை வடிவமைக்கத் தொடங்கினார். அதன் எழுத்து வடிவம் யாரும் படிக்கவும் திருத்தவும் உரிமை தரும் பொது உரிமத்துடன் வெளிவந்தது.

செயலி புரிந்துகொள்ளும் கட்டளைகளின் முழுப் பட்டியலுக்குக் கட்டளைத் தொகுதி என்று பெயர். கைஸ்லர் புதிதாக ஒன்றை உருவாக்கவில்லை. 1994-இலேயே பொதுத் தரமாக ஏற்கப்பட்டிருந்த ஸ்பார்க் தொகுதியை எடுத்துக்கொண்டார். அதனால் அதற்கென ஏற்கெனவே இருந்த மென்பொருள் கருவிகள் அனைத்தும் லியானுக்கும் பயன்பட்டன.

விண்வெளிக்கென ஒரு தனி வடிவமும் உண்டு. காஸ்மிக் கதிர்த் துகள் ஒன்று சில்லைத் தாக்கினால் நினைவிலுள்ள 0 திடீரென 1 ஆகிவிடக்கூடும். எனவே இவ்வடிவத்தில் ஒவ்வொரு பதிவுச் சுற்றும் மும்மடங்காக அமைக்கப்பட்டு, பெரும்பான்மை காட்டும் விடையே ஏற்கப்படும். ஒன்று பிறழ்ந்தாலும் மற்ற இரண்டும் காப்பாற்றும். 2009-இல் ஏவப்பட்ட புரோபா-2 செயற்கைக்கோளின் கணிப்பொறி இவ்வகைச் செயலியைக் கொண்டதே.

மொழிபெயர்ப்பாளர் இல்லாத மொழி

அதே காலத்தில் ஆர்வலர் சிலர் வேறொரு வழியில் சென்றனர். ஸ்லோவேனியாவைச் சேர்ந்த தாம்யான் லாம்ப்ரெட் 1999-இல் ஓப்பன்கோர்ஸ் என்ற கூட்டு முயற்சியைத் தொடங்கினார். அதில் பிறந்தது ஓப்பன்ரிஸ்க். செயலி மட்டுமன்றி அதன் கட்டளைத் தொகுதியும் புதிதாகப் படைக்கப்பட்டது. எவருக்கும் கட்டணம் இல்லை. எந்தச் சில்லிலும் ஏற்றலாம்.

ஆனால் நாம் சி மொழியில் எழுதும் நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றித் தர ஒரு கம்பைலர் வேண்டும். அதுதான் இங்கே மொழிபெயர்ப்பாளர். புதுமொழி ஒன்றைப் படைத்தால் அதற்குரிய மொழிபெயர்ப்பாளரையும் நாமே வளர்க்க வேண்டும். ஓப்பன்ரிஸ்க் ஆர்வலர்கள் ஜி.சி.சி. கம்பைலருக்கு வேண்டிய பகுதியை எழுதினர். ஆனால் அதை எழுதிய எல்லாரிடமிருந்தும் உரிமை ஒப்பந்தம் கிடைக்கவில்லை. எனவே அது ஜி.சி.சி.யின் பொது வெளியீட்டில் சேரவில்லை. முழுவதையும் புதிதாக எழுதிய பிறகே, 2019-இல், ஜி.சி.சி.யின் ஒன்பதாம் பதிப்பில் இடம் கிடைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இச்செயலியை நாடியவர்கள் தனியாகப் பராமரிக்கப்பட்ட கம்பைலரைத் தேடிப் பெற வேண்டியிருந்தது. செயலி திறந்திருந்தது, அதை அடையும் பாதை குறுகலாக இருந்தது.

பொதுச்சொத்தான கட்டளைத் தொகுதி

2010-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கிர்ஸ்டே அசனோவிச், ஆண்ட்ரூ வாட்டர்மன், யுன்சுப் லீ, டேவிட் பேட்டர்சன் ஆகியோர் ரிஸ்க்-5 என்ற கட்டளைத் தொகுதியை வகுக்கத் தொடங்கினர். அதன் அடிப்படைப் பகுதியில் ஏறத்தாழ 40 கட்டளைகளே உள்ளன. அவர்கள் பொதுவாக்கியது ஒரு செயலியை அன்று, கட்டளைத் தொகுதியை. செயலியை யார் வேண்டுமானாலும் தம் விருப்பப்படி அமைக்கலாம். கம்பைலர் எல்லாருக்கும் ஒன்றே. அது 2017-இல் ஜி.சி.சி.யிலும், 2018-இல் லினக்ஸிலும் இடம்பெற்றது.

இதன் பிறகு மென்செயலிகள் பெருகின. பிகோ-ஆர்.வி.32 என்பது 750 முதல் 2,000 அட்டவணைகளுக்குள் அடங்கும். வெக்ஸ்-ரிஸ்க்-5 என்பதை விரிவாக அமைத்தால் லினக்ஸையே இயக்கும். செர்வ் என்பதோ மிகச் சிறியது. ஏறத்தாழ 200 அட்டவணைகள் போதும். தாளில் கூட்டும்போது வலப்பக்க இலக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டுகிறோமே, அதுபோல அது 32 பிட்டுகளையும் ஒவ்வொரு பிட்டாகவே கையாளும். இடம் மிச்சம், வேகம் குறைவு.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி தலைமையில் உருவான சக்தி செயலிகளும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. அவை 2018-இல் சில்லாகவும் வார்க்கப்பட்டன. அவற்றின் எழுத்து வடிவமும் திறந்தே உள்ளது. கல்லூரிகள் வாங்கக்கூடிய எஃப்.பி.ஜி.ஏ. பலகைகளில் ஏற்றிப் பார்க்கலாம்.

கட்டிவைத்த நிறுவனங்களும் மனம் மாறின. நியோஸின் வழித்தோன்றலாக 2021-இலும், மைக்ரோபிளேஸின் வழித்தோன்றலாக 2023-இலும் அறிவிக்கப்பட்டவை ரிஸ்க்-5 தொகுதியைப் பின்பற்றுபவையே.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே, மென்செயலியைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் முதலில் கேட்க வேண்டியது, "எவ்வளவு வேகம்?" என்பதன்று. இதன் உரிமம் எந்தச் சில்லிலும் ஏற்ற இடம் தருகிறதா? கட்டளைத் தொகுதி பலருக்கும் பொதுவானதா? கம்பைலர் பொது வெளியீட்டில் கிடைக்கிறதா? சோதனை நிரல்களும் விளக்கக் குறிப்புகளும் உடன் உள்ளனவா? இவற்றுக்கு ஆம் என்று விடை வந்த பிறகு, வேலைக்குத் தக்க அளவும் வேகமும் பார்க்கலாம். நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணைக் குறிக்கும் கருவிக்குச் செர்வ் கூடப் போதும்.

ஒரு வரம்பும் உண்டு. செயலி திறந்ததாயினும், சில்லினுள் இருக்கும் நினைவுப் பகுதியும் கடிகாரச் சுற்றும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். அந்த ஓரங்களை நாம்தான் தைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த ஆண்டு மாணவர்கள் அதே கருவியைப் பிகோ-ஆர்.வி.32 கொண்டு செய்தார்கள். முடிந்ததும், வேண்டுமென்றே அதை வேறொரு நிறுவனத்தின் பலகைக்கு மாற்றிப் பார்க்கச் சொன்னேன். இணைப்பு முனைகளையும் கடிகாரச் சுற்றையும் மாற்றி அமைக்க ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. நிரலில் ஒரு வரியும் மாறவில்லை.