சின்ன ரயிலும் கார் நிறுத்தமும்: நம் ஊர்ப் பயணக் கணக்கு



போன பொதுக்குழுக் கூட்டத்தில் காரசாரமாகப் பேசப்பட்ட விஷயம் உங்களுக்கு நினைவிருக்கும். பி பிளாக்குக்குப் பின்னால், ஊஞ்சலுக்கும் மதில் சுவருக்கும் நடுவே இருக்கும் புல்தரையில் சிமெண்ட் கல் பதித்து இன்னும் 14 கார் நிறுத்த இடம் செய்யலாம் என்று ஒரு தீர்மானம் வந்தது. ஓட்டெடுப்பு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது. இந்த இதழுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் கேட்டபோது, இதையே எழுதலாம் என்று தோன்றியது.

நான் முப்பத்தாறு வருஷம் வங்கியில் எழுத்தராக இருந்தவன். ஒரு கணக்கை முடிக்கும் முன் பழைய பேரேட்டைப் புரட்டிப் பார்ப்பது பழக்கம். ஆகவே நம் ஊர்க்காரர்கள் நூறு வருஷமாக எதில் ஏறிப் போனார்கள், எப்படிப் போனார்கள் என்று ஒரு முறை புரட்டிப் பார்ப்போம்.

கிருஷ்ணகிரிக்கு ரயில் இருந்தது

இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகருக்கு ரயில் கிடையாது. ரயிலேற வேண்டுமென்றால் ஓசூருக்கோ ஜோலார்பேட்டைக்கோ போக வேண்டும். ஆனால் என் அப்பா கிருஷ்ணகிரியிலிருந்து திருப்பத்தூருக்கு ரயிலில் போனவர். சின்னப் பையனாக ஜன்னலோரம் உட்கார்ந்து போனதை எண்பது வயதிலும் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள்தான் நம்பவில்லை.

அது உண்மைதான். 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சத்தில் அன்றைய சேலம் மாவட்டம் கடுமையாக அடிபட்டது. தானியம் ஓரிடத்தில் இருந்தாலும், சாகிற இடத்துக்கு அதைக் கொண்டுபோக வழியில்லை. அந்தப் பாடத்துக்குப் பிறகு, பஞ்சம் வந்தால் காப்பாற்றுவதற்கென்றே சில ரயில் பாதைகளைப் போட்டார்கள். 1905-ல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு பாதை, சுமார் 25 மைல். 1906-ல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இன்னொன்று. அது 1913-ல் ஓசூர் வரை நீண்டது. எல்லாம் இரண்டரை அடி அகலத் தண்டவாளம். பெரிய லைனில் போகும் ரயிலின் பாதி அகலம்கூட இல்லை.

இந்தச் சின்ன ரயில்கள் சுமார் முப்பது வருஷம் ஓடின. பிறகு அவை நிறுத்தப்பட்டுத் தண்டவாளங்கள் பெயர்த்து எடுக்கப்பட்டன. போன தண்டவாளம் திரும்பி வரவில்லை. ஓசூருக்கு 1960-களின் கடைசியில் சேலம் – பெங்களூரு மீட்டர்கேஜ் பாதை வந்தது. 1990-களின் பிற்பகுதியில் அது அகலப் பாதையானது. கிருஷ்ணகிரி இன்னும் காத்திருக்கிறது. மொரப்பூர் – தருமபுரி இணைப்பை மீண்டும் போட வேண்டுமென்று எத்தனையோ வருஷமாகக் கேட்டு, இப்போதுதான் அது திட்டமாகியிருக்கிறது.

இதில் எனக்குத் தெரியும் பாடம் இது. பொதுப் போக்குவரத்தை ஒரே வருஷத்தில் பெயர்த்து எடுத்துவிடலாம். திரும்பப் போட மூன்று தலைமுறை ஆகும்.

சைக்கிளும் கம்பெனி பஸ்ஸும்

1970-களில் சிப்காட் வந்த பிறகுதான் ஓசூர் இன்றைய ஓசூர் ஆனது. 1980-ல் அசோக் லேலண்ட் இங்கே தொழிற்சாலை தொடங்கியது. அதே வருஷம்தான் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வெளிவந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து போகக்கூடிய முதல் இந்திய மொபெட் அது. பிறகு டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை. அண்மையில் பேட்டரி ஸ்கூட்டர்களும் இந்த மாவட்டத்திலேயே தயாராகின்றன. நாட்டுக்கே சக்கரம் செய்து கொடுக்கும் ஊர் நம் ஊர் என்றால் மிகையில்லை.

நான் ஓசூர்க் கிளைக்கு மாற்றலாகி வந்தது 1986-ல். அப்போது கம்பெனிகளின் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டுதான் பெரியது. ஷிப்ட் விட்டதும் சைக்கிள்கள் கும்பலாக வெளியே வரும். மணிச் சத்தத்தில் பேச்சே கேட்காது. தூரத்து ஊர்க்காரர்களுக்குக் கம்பெனி பஸ். தேன்கனிக்கோட்டை, சூளகிரி, கிருஷ்ணகிரி என்று மூன்று ஷிப்டுக்கும் வண்டி போய் வரும். இன்றைக்கும் சிப்காட்டில் ஆயிரக்கணக்கானோர் அப்படித்தான் வேலைக்குப் போகிறார்கள். அதைப் பொதுப் போக்குவரத்து என்று நாம் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான். ஒரு கம்பெனி பஸ்ஸில் ஐம்பது பேர். அந்த ஐம்பது பேரும் காரில் வந்தால் சிப்காட் ரோடு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே காலத்தில் 1991-ஐ ஒட்டி, புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக் கொடுத்தார்கள். அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணையாக நின்றார். பெண்கள் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். தண்ணீர் எடுக்கவும், சந்தைக்குப் போகவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று ஆனது. 2001-க்குப் பிறகு நம் மாநில அரசு பள்ளி மாணவர்களுக்குப் படிப்படியாக இலவச சைக்கிள் கொடுத்ததும் இந்த எண்ணத்தோடுதான்.

கடன் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்

பிறகு என்ன நடந்தது? ஒரு பகுதியை நானே எழுதினேன். மொபெட் கடன் விண்ணப்பம், சம்பளச் சான்று, ஜாமீன் கையெழுத்து எல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகும். எண்பதுகளில் சைக்கிளிலிருந்து மொபெட்டுக்கு மாறிய தொழிலாளியின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன். இரவு ஷிப்ட் முடிந்து பத்து கிலோமீட்டர் மிதிப்பவனுக்கு அது விடுதலை.

1991-க்குப் பிறகு கதை வேறு. கார் கடன் எளிதானது. எங்களுக்கே மாதாமாதம் இலக்கு வந்தது. "சார், கார் எடுத்துக்குங்க, தவணை குறைவுதான்" என்று வாடிக்கையாளர்களிடம் நானே சொல்லியிருக்கிறேன். கடைசியில் 2012-ல் நானும் ஒன்று எடுத்தேன்.

வணிகவியல் படித்தவன் என்பதால் அந்தக் காருக்கு ஒரு தனி நோட்டு போட்டேன். பத்து வருஷக் கணக்கு இது. வாங்கிய விலை 5,40,000 ரூபாய், விற்றது 1,60,000. தேய்மானம் 3,80,000. கடன் வட்டி 1,10,000. இன்சூரன்ஸ் 1,25,000. சர்வீஸ், டயர், பேட்டரி 1,40,000. பெட்ரோல் 2,34,000. மொத்தம் 9,89,000 ரூபாய். ஓடியது 41,000 கிலோமீட்டர். அதாவது கிலோமீட்டருக்கு 24 ரூபாய். நான் அதுவரை பெட்ரோலை மட்டும் நினைத்து, ஆறு ரூபாய்க்குள் ஆகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு கணக்கு. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால் அந்தக் கார் ஓடியது 1,640 மணி நேரம். பத்து வருஷத்தில் 87,600 மணி நேரம் இருக்கிறது. நூற்றுக்கு 98 பங்கு நேரம் அது நம் வளாகத்தில் சும்மா நின்றது. நாம் இப்போது புல்தரையைக் கேட்பது கார் ஓடுவதற்கு அல்ல, அது நிற்பதற்கு.

காரை நான் விற்றது இந்தக் கணக்கினால் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. 2022 ஜூன் மாதம் ஒரு மாலை, சி பிளாக் முனையில் காரைப் பின்னால் எடுத்தேன். சக்கரத்துக்கு அடியில் ஏதோ நொறுங்கியது. இறங்கிப் பார்த்தால் ஒரு சின்ன இளஞ்சிவப்பு சைக்கிள். ஓட்டி வந்த குழந்தை குதித்து விலகிச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. "தாத்தா, பார்க்கலையா?" என்று மட்டும் கேட்டாள். அவளுடைய பெற்றோர் பெருந்தன்மையாக ஒன்றும் சொல்லவில்லை. புது சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அடுத்த மாதம் காரை விற்றேன்.

மற்றவர்கள் செய்தது

நெதர்லாந்து என்றால் சைக்கிள் என்று இன்று எல்லோரும் சொல்கிறோம். அவர்கள் எப்போதுமே அப்படி இருந்ததில்லை. போருக்குப் பிறகு அங்கேயும் கார் பெருகியது. 1971-ல் மட்டும் சாலை விபத்துகளில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் 400-க்கு மேல் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் தொடங்கிய இயக்கத்தின் பெயரே 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்பதுதான். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து, கார் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளை அரசு அறிவித்தது. தெருவில் நடந்து பார்த்த ஜனங்களுக்குத் தெரு பிடித்துப் போனது. சைக்கிள் பாதைகள் அதற்குப் பிறகு வந்தவை.

நம் உறவினர்கள் பலர் இருக்கும் சிங்கப்பூரில் வேறு வழி. 1975-லேயே நகர மையத்துக்குள் காரில் நுழையக் கட்டணம் வைத்தார்கள். 1990 முதல், காருக்கு முன்னால் கார் வைத்துக்கொள்ளும் உரிமையையே ஏலத்தில் எடுக்க வேண்டும். அந்தப் பக்கம் ரயிலையும் பஸ்ஸையும் வளர்த்தார்கள். காரைக் குறைக்கச் சொல்லுமுன் மாற்று வழியைக் கொடுத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

எல்லையில் வாழ்பவர் சிரமம்

நமக்கு மாற்று வழி இருக்கிறதா என்று நீங்கள் கேட்பது நியாயம். நாம் எல்லையில் வாழ்கிறோம். தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கர்நாடகத்தில் 2023 ஜூன் முதல் அப்படி ஒரு திட்டம், ஆனால் அந்த மாநிலத்தவருக்கு மட்டும். எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகும் நம் வளாகத்துப் பெண்ணுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் முழு டிக்கெட். பெங்களூரு மாநகரப் பஸ்கள் அத்திப்பள்ளி வரை வருகின்றன. அங்கிருந்து நம் வாசல் வரைதான் பாடு.

2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினை வெடித்தபோது பஸ்கள் எல்லையில் நின்றுவிட்டன. கார்களும் போகவில்லை. என் மகன் அத்திப்பள்ளியில் இறங்கி, முதுகில் பையோடு ஜூஜுவாடி வரை நடந்து வந்தான். கூட்டம் கூட்டமாக அன்று எல்லையைக் கடந்தவர்கள் எல்லோரும் நடந்துதான் கடந்தார்கள்.

2025 ஆகஸ்டில் பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை திறக்கப்பட்டது. அதை ஓசூர் வரை நீட்ட வேண்டும் என்பது நம் கோரிக்கை. இங்கேயும் பழைய கதைதான். பெங்களூரு மெட்ரோவுக்குப் பக்கத் தண்டவாளத்தில் 750 வோல்ட் மின்சாரம். சென்னை மெட்ரோவுக்கு மேல்கம்பியில் 25,000 வோல்ட். இரண்டையும் எப்படி இணைப்பது என்பதே இப்போது ஒரு தடையாகப் பேசப்படுகிறது. அன்றைக்கு இரண்டரை அடித் தண்டவாளம் பெரிய லைனோடு சேரவில்லை. இன்றைக்கு வோல்ட் சேரவில்லை.

மெட்ரோ வரும் வரை என்ன செய்வது? 2010 ஜனவரியில் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் திறந்தபோது, சுமார் பத்து கிலோமீட்டர் தூரத்தில் நெரிசல் ஒழிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இன்று காலை எட்டு மணிக்கு அதன் முனையில் நின்றவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டாம். இடம் கொடுத்தால் கார் குறையாது, நிரம்பும். நம் 14 இடமும் ஒரே வருஷத்தில் நிரம்பிவிடும் என்பது என் கணிப்பு.

ஓட்டுப் போடும் முன்

காரே கூடாது என்று நான் சொல்லவில்லை. வயதானவர், உடம்பு முடியாதவர், கைக்குழந்தைக்காரர், இரவு வேலைக்காரர் எல்லோருக்கும் வண்டி வேண்டும். எனக்கே போன வருஷம் இடுப்பு வலி வந்தபோது பக்கத்து வீட்டுத் தம்பிதான் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் கேட்பது ஒரு வீட்டின் இரண்டாவது, மூன்றாவது காரைப் பற்றி.

நிர்வாகக் குழுவின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன். ஒன்று, புல்தரையை அப்படியே விட்டு, இருக்கும் கார் இடங்களில் ஒன்றை மட்டும் கூரை போட்ட சைக்கிள் நிறுத்தமாக்கலாம். ஒரு கார் நிற்கும் 12.5 சதுர மீட்டரில் எட்டு முதல் பத்து சைக்கிள் நிற்கும். நான் விட்டுக்கொடுத்த இடமே அதற்கு இருக்கிறது. இரண்டு, காலையிலும் மாலையிலும் வளாகத்திலிருந்து பஸ் நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் ஒரு வேனைப் பங்கு போட்டு அமர்த்தலாம். கம்பெனி பஸ் நடத்தும் ஊரில் இது பெரிய காரியமில்லை. மூன்று, இரண்டாவது காருக்கு மாதக் கட்டணம் வைத்து, அந்தப் பணத்தில் வேன் செலவை ஈடுகட்டலாம்.

என் அப்பா சொன்ன சின்ன ரயிலை நான் பார்த்ததில்லை. அது ஓடியதற்கு அடையாளமாக அவர் நினைவு மட்டும்தான் வீட்டில் மிஞ்சியது. நம் புல்தரையும், இங்கே ஒரு காலத்தில் விளையாட இடம் இருந்தது என்று நாளைக்கு யாரோ சொல்லும் கதையாகிவிடக் கூடாது. தீர்மானத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போடப் போகிறவர்களும் ஒரு மாலை ஐந்தரை மணிக்கு அங்கே வந்து பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போடுங்கள். இளஞ்சிவப்பு சைக்கிள்காரி இப்போது பெரிய சைக்கிளுக்கு மாறிவிட்டாள். அவளும் அங்கேதான் இருப்பாள்.

– சி பிளாக்கிலிருந்து, ஓய்வு பெற்ற வங்கி எழுத்தர்