முதலாளியே கடை வைத்துக் கொடுக்கும் நைஜீரியாவின் 'இக்பா போயி': அது என்ன, ஏன் இப்போது தடுமாறுகிறது?

ஆறு வருஷத்துக்குச் சம்பளமே கிடையாது. முதலாளி வீட்டில்தான் சாப்பாடு, தூக்கம் எல்லாம். காலையில் அவர் காரைத் துடைக்க வேண்டும், ராத்திரி கடை ஷட்டரை இறக்கிப் பூட்ட வேண்டும். ஆனால் ஆறு வருஷம் முடிந்ததும், அதே முதலாளி உங்களுக்கு ஒரு கடை பிடித்து, வாடகை கட்டி, கையில் முதலும் கொடுப்பார். அநேகமாக அவர் கடை இருக்கும் அதே சந்தையில். அடுத்த நாளிலிருந்து நீங்கள் அவருக்குப் போட்டி!

இப்படி ஒரு வேலை ஆஃபர் வந்தால் ஹெச்ஆரிடம் என்ன கேட்பீர்களோ தெரியாது. தென்கிழக்கு நைஜீரியாவில் வாழும் இக்போ மக்கள் இதைத் தலைமுறை தலைமுறையாக ஏற்று வந்திருக்கிறார்கள். இதற்குப் பெயர் 'இக்பா போயி'. 'போயி' என்பது ஆங்கிலத்தில் பையனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. முதலாளி, 'ஓகா'.

ஆப்பிரிக்க தொழில்முனைவு என்றால் நம் கண்ணில் படுவது கென்யாவின் எம்-பெசாவும் லேகோஸின் ஃபின்டெக் ஸ்டார்ட்அப்களும்தான். ஆனால் வங்கிக் கடன், வெஞ்சர் கேப்பிட்டல், பிட்ச் டெக் எதுவுமே இல்லாமல் கடைக்காரர்களை உருவாக்கிய இந்த முறையை, உலகின் மிகப் பெரிய பிசினஸ் இன்குபேட்டர் என்று 2017-ல் ஒரு டெட் மேடையில் வர்ணித்தார் அமெரிக்கப் பத்திரிகையாளர் ராபர்ட் நியூவர்த். 2021-ல் நைஜீரியப் பேராசிரியர் ண்டுபுயிசி எகெக்வே இதைப் பற்றி 'ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ'வில் எழுதினார். பாராட்டு நிறையவே கிடைத்துவிட்டது. அந்தப் பையனுக்குக் கடைசியில் என்ன கிடைக்கிறது என்ற கேள்விதான் இன்னும் பாக்கி.

எங்கே தொடங்கியது?

சினுவா அச்செபே, சிமமாண்டா அடிச்சியே நாவல்களைப் படித்தவர்களுக்கு இக்போ மக்கள் புதியவர்கள் இல்லை. ஹவுசா, யொரூபா இனங்களோடு நைஜீரியாவின் மூன்று பெரிய இனங்களில் ஒன்று. பையனை ஒரு கைவினைஞரிடம் விட்டுத் தொழில் பழக்கும் வழக்கம் அவர்களிடம் ரொம்பப் பழையது. ஆக்கா ஊர்க் கொல்லர்கள் இதற்குப் பேர் போனவர்கள்.

இந்த வழக்கம் ஒரு சமூகத்தின் உயிர்நாடியாக மாறியது போருக்குப் பிறகு. 1967-ல் தென்கிழக்குப் பகுதி 'பயாஃப்ரா' என்ற பெயரில் தனிநாடாக அறிவித்துக்கொண்டது. இரண்டரை வருஷப் போர். 1970 ஜனவரியில் சரணடைவு. குண்டுக்குத் தப்பியவர்களைப் பட்டினி கொன்றது. செத்தவர்கள் பல லட்சம்.

அதற்கு மேல் ஒரு அடி. பயாஃப்ரா நோட்டாக எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் சரி, திருப்பிக் கிடைத்தது தலைக்கு 20 நைஜீரிய பவுண்டு மட்டும். இரண்டே வருஷத்தில், 1972-ல், வெளிநாட்டு நிறுவனங்களின் பங்குகளை நைஜீரியர்களுக்கு விற்க வேண்டும் என்ற ஆணை வந்தது. கையில் காசு இருந்தவர்கள் வாங்கினார்கள். 20 பவுண்டு வைத்திருந்தவர் எதை வாங்குவது?

வங்கி கடன் தராது, அரசு வேலை கிடைப்பது கஷ்டம், சொத்து போயிற்று. மிச்சம் இருந்தது சொந்தக்காரன் மட்டும்தான். பிழைத்து எழுந்த ஒரு வியாபாரி ஊரிலிருந்து இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பையன்கள் கடை வைத்து ஆளுக்கு இரண்டு பேரைக் கூட்டிப் போனார்கள். இப்படித்தான் பரவியது. 'உடன்பிறந்தவனை விட்டுவிட்டுப் போகாதே' என்று அர்த்தம் வரும் ஒரு இக்போ வாசகம் உண்டு. நம்ம ஊர் லாரிகளின் பின்னால் எழுதும் வாசகம் மாதிரி, எங்கும் காதில் விழும்.

பையன் என்னதான் கற்றுக்கொள்கிறான்?

கிறிஸ்துமஸுக்கு ஓகாக்கள் ஊருக்கு வருவார்கள். அப்போது பெற்றோரோ சித்தப்பாவோ பேசி முடிப்பார்கள். பையனுக்குப் பெரும்பாலும் பதின்ம வயது. இத்தனை வருஷம் என்று ஒரு பேச்சு. ஐந்திலிருந்து எட்டு வருஷம் வரை இருக்கும். இரு குடும்பத்துப் பெரியவர்கள் சாட்சி. எழுத்தில் ஒன்றும் இருக்காது, அனேகமாக.

அப்புறம் ஒனிட்சாவோ, ஆபாவோ, லேகோஸோ. லேகோஸில் எலெக்ட்ரானிக்ஸ் என்றால் அலாபா சந்தை, கார் ஸ்பேர் பார்ட்ஸ் என்றால் லடிப்போ. யொரூபா மண்ணில் இருக்கும் இந்தச் சந்தைகளில் கடை வைத்திருப்பவர்களில் பெரும்பகுதி இக்போ வியாபாரிகள்.

முதல் வருஷம் கடையில் வியாபாரமே கற்றுத்தர மாட்டார்கள். வீட்டுவேலை, எடுபிடி, சரக்கு தூக்குவது. இதையே பார்த்துவிட்டு 'சுரண்டல்' என்பவர்களும் உண்டு. ஓகாக்களின் கணக்கு வேறு: மாடிப்படி கூட்டச் சொன்னால் முகம் சுளிப்பவன், நாளைக்கு வாடிக்கையாளர் கத்தினால் என்ன செய்வான்? (நியாயமா என்று கேட்டால், முழுசா இல்லை. சின்னப் பையனைச் சமையலறையில் வைத்துச் சோதிப்பதற்கு இது வசதியான சாக்கும்கூட.)

பிறகு சரக்கின் பெயர்கள், எந்த பேரிங் எந்த வண்டிக்குப் பொருந்தும், எது ஒரிஜினல், எது டூப்ளிகேட். அதற்குப் பின் விலை பேசுவது. கடையில் இல்லாத பொருளைக் கேட்டு ஒருவர் வந்தால் 'இல்லை' என்று சொல்லக் கூடாது. உட்காரவைத்துவிட்டு, பக்கத்துக் கடைக்கு ஓடி, அங்கே ஒரு விலைக்கு எடுத்து, இங்கே ஒரு விலைக்கு விற்க வேண்டும். இதற்கு 'ஓசோ அஹியா' என்று பெயர். ஒரு ரூபாய்கூட முதல் போடாமல் லாபம் பார்க்கும் பாடம். பையனுக்கு இதில் எந்தெந்தக் கடையில் என்ன கிடைக்கும், யார் கடன் தருவார், யார் ஏமாற்றுவார் என்று சந்தை முழுவதும் அத்துப்படியாகிவிடும்.

கடைசிக் கட்டம், பணம். கல்லாப்பெட்டியைப் பையனிடம் விட்டுவிட்டு ஓகா சரக்கு எடுக்க வெளியூர் போய்விடுவார். திரும்பி வந்து கணக்குப் பார்ப்பார். அப்ரைசல் ஃபார்ம், ரேட்டிங் எதுவும் இல்லை. இந்தக் கணக்கு ஒன்றுதான் பெர்ஃபார்மன்ஸ் ரிவ்யூ.

காலம் முடிந்ததும் 'செட்டில்மென்ட்'. நம்மைப் போலவே அவர்களும் இந்த ஆங்கிலச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். உறவினர்கள் கூடுவார்கள், பெரியவர்கள் ஆசி சொல்வார்கள், ஓகா பணமோ சரக்கோ கொடுத்துக் கடை பிடித்துத் தருவார். சிலர் பழைய வாடிக்கையாளர்களையும் கை காட்டிவிடுவார்கள்.

போட்டியாளரைத் தானே உருவாக்கும் முதலாளிக்கு என்ன லாபம்?

தர்மம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஆறு வருஷ உழைப்பு சம்பளமில்லாமல் கிடைத்திருக்கிறது. செட்டில்மென்ட் என்பது ஒருவகையில் தள்ளிப்போட்ட சம்பளம். அதோடு, வெளியே போகும் பையன் சரக்கு எடுப்பது பழைய ஓகாவிடம்தான். பத்துப் பேரைச் செட்டில் செய்த சில்லறை வியாபாரி, பத்துக் கடைகளுக்குச் சப்ளை செய்யும் மொத்த வியாபாரி ஆகிவிடுகிறார். மூன்றாவது, மரியாதை. ஊர்க்கூட்டத்தில் 'இவர் எத்தனை பேரை ஆளாக்கினார்' என்ற கேள்விக்கு இருக்கும் எடை, 'இவரிடம் எத்தனை கார் இருக்கிறது' என்பதற்கு இருக்காது.

எகெக்வே கவனப்படுத்தும் இடமும் இதுதான். ஒரே ஆள் சந்தையை முழுசாகப் பிடித்துக்கொள்ளாமல், சந்தைப் பங்கு கைமாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு கார்ப்பரேட் ஆலோசகரைக் கேட்டால் இதைத் தோல்வி என்பார்.

ன்னேவி: ஸ்பேர் பார்ட்ஸிலிருந்து பஸ் வரை

இதெல்லாம் வாங்கி விற்கும் கடைகளோடு நின்றுவிடவில்லை. அனாம்ப்ரா மாநிலத்தில் உள்ள ன்னேவி ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் ஊர். தைவானிலிருந்து பாகங்களை இறக்குமதி செய்து விற்றவர்கள், 1980-களில் அவற்றைத் தாங்களே தயாரிக்க ஆரம்பித்தார்கள். அமெரிக்க ஆய்வாளர் டெபோரா பிராட்டிகாம் 1997-ல் இந்த ஊரைப் பற்றி எழுதிய கட்டுரையின் சாரம், அரசு செய்ய வேண்டியதை இங்கே உறவுகளும் வியாபாரத் தொடர்புகளும் செய்தன என்பதே.

இந்த ஊரிலிருந்து வந்தவர் இன்னசென்ட் சுக்வுமா. இன்ஜினீயரிங் இடம் கிடைக்காமல் ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரியிடம் தொழில் பழகப் போனவர். பிறகு மோட்டார் சைக்கிள் இறக்குமதியில் இறங்கினார். முழு வண்டியாகக் கொண்டுவந்தால் கன்டெய்னரில் இடம் வீணாகிறது. பிரித்துக் கொண்டுவந்து இங்கே பூட்டினால் ஒரே கன்டெய்னரில் பல மடங்கு வண்டி வரும், விலையும் இறங்கும் என்று கண்டார். அந்த லாபம்தான் பிளாஸ்டிக் தொழிற்சாலையாகவும், பின்னர் இன்னோசன் வாகனத் தொழிற்சாலையாகவும் வளர்ந்தது. 2010-ல் ன்னேவியில் அதைத் திறந்துவைத்தவர் அன்றைய அதிபர் குட்லக் ஜோனதன்.

(நமக்கும் இங்கே ஒரு சின்னத் தொடர்பு உண்டு. நைஜீரியத் தெருக்களில் 'கேகே' என்று ஓடும் மூன்று சக்கர வண்டிகளில் நம்ம ஓசூர் டிவிஎஸ்ஸும் பஜாஜும் ஏராளம். அந்த வண்டிகளின் பாகங்களும் இப்படிப்பட்ட சந்தைகளில்தான் விற்கின்றன.)

ஊருக்கு என்ன கிடைத்தது?

'ஆகு ருவோ உலோ' என்பார்கள். சம்பாதித்தது வீடு வந்து சேர வேண்டும். லேகோஸில் கடை வைத்திருப்பவர் தன் கிராமத்தின் 'டவுன் யூனியன்' உறுப்பினராகவும் இருப்பார். சந்தா, நன்கொடை தப்பாது. பள்ளிக்கூடம், சுகாதார மையம், ரோடு, மாணவர்களுக்கு உதவித்தொகை என்று அரசு வராத இடத்தில் இந்தச் சங்கங்கள் வேலை செய்திருக்கின்றன. ஆகஸ்ட்டில் வெளியூர்ப் பெண்கள் ஊர் திரும்பிக் கூட்டம் போட்டு, எந்த வேலையை எடுப்பது என்று முடிவு செய்து பணம் திரட்டுவது தனி மரபு. கம்பெனிகளின் சிஎஸ்ஆர் அறிக்கையில் வரும் சமூக மேம்பாட்டுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே பணம் கொடுத்தவரை, அடுத்த டிசம்பரில் 'அந்தக் கிணறு என்னாச்சு?' என்று நேரில் நிறுத்திக் கேட்கலாம்.

எங்கே உடைகிறது?

எழுத்தில் எதுவும் இல்லாத இடத்தில்தான். ஆறாவது வருஷம் நெருங்கும்போது, 'கல்லாவில் பணம் குறைகிறது' என்று ஒரு குற்றச்சாட்டு. பையன் வெறுங்கையோடு ஊருக்கு. உண்மையிலேயே திருடும் பையன்களும் உண்டு. திருடாமலேயே திருடன் பட்டத்தோடு திரும்பியவர்களும் உண்டு. எது எது என்று நிரூபிக்க ரசீதும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. ESOP வெஸ்ட் ஆவதற்கு முந்தின மாதம் லே-ஆஃப் மெயில் வந்த மாதிரி, ஆனால் இவனுக்கு அதுவரை வாங்கிய சம்பளம்கூட இல்லை. பெயரும் கெட்டதால் வேறு ஓகாவும் சேர்க்க மாட்டார்.

இன்று கோஸ்காரிஸ் குழுமத்தின் தலைவராக இருக்கும் காஸ்மஸ் மதுக்கா, சின்ன வயதில் அம்மா சுட்ட 'அகாரா'வைத் தெருவில் விற்றவர். அகாரா என்பது கிட்டத்தட்ட நம்ம காராமணி வடை. மாமாவிடம் தொழில் பழகிய அவர், கடைசியில் 200 நைராவோடு வெளியே அனுப்பப்பட்டதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர் மேலே வந்துவிட்டார். அப்படி அனுப்பப்பட்டு மேலே வராதவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 12 வயதுக்கு மேல் 16-க்குள் உள்ளவரைத் தொழில் பழக விட்டால் எழுத்து ஒப்பந்தம் வேண்டும், 5 வருஷத்தைத் தாண்டக் கூடாது என்கிறது நைஜீரியத் தொழிலாளர் சட்டம். சந்தையில் அதைத் தேடிப் படிப்பவர் யார்? பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுப் போகும் பையன்கள் தென்கிழக்கில் நீண்டகாலக் கவலை. பெண் பிள்ளைகளுக்கு இக்பா போயியில் பெரும்பாலும் இடமில்லை. தையல், சிகை அலங்காரம் கற்பவர்கள் கட்டணம் கொடுத்துத்தான் பழகுகிறார்கள். முடிவில் அவர்களுக்கு யாரும் கடை வைத்துக் கொடுப்பதும் இல்லை.

இப்போது இன்னொரு இடி, நைரா. 2018-ல் ஒரு டாலர் சந்தையில் சுமார் 360 நைரா. 2023 ஜூனில் நாணய மாற்றுக் கட்டுப்பாட்டை அரசு தளர்த்தியது. 2024-ல் டாலர் சுமார் 1,500 நைரா ஆகிவிட்டது. 2018-ல் சேர்ந்த பையனை நினைத்துப் பாருங்கள். அன்றைக்கு ஒரு கடையை நிரப்பும் என்று மனசில் வைத்திருந்த தொகை, ஆறு வருஷம் கழித்து அப்படியே கைக்கு வந்தாலும், இறக்குமதிச் சரக்கில் கால் கடையைக்கூட நிரப்பாது. ஓகாவும் ஏமாற்றவில்லை, அவர் முதலும் சேர்ந்துதான் கரைந்தது. தள்ளிப்போட்ட சம்பளத்துக்கு வட்டியும் கிடையாது, பஞ்சப்படியும் கிடையாது. ஆறு வருஷம் எதற்கு என்று இன்றைய பையன்கள் கேட்பதைச் சோம்பேறித்தனம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் கணக்குப் போடத் தெரிந்த பையன்கள்.

மாற்று என்ன?

டோனி எலுமேலு அறக்கட்டளை 2015-லிருந்து ஆப்பிரிக்க நாடுகளின் புதிய தொழில்முனைவோருக்குப் பயிற்சியும், திருப்பித் தர வேண்டாத 5,000 டாலரும் கொடுத்து வருகிறது. அனாம்ப்ரா அரசு, ஆளுநர் சார்ல்ஸ் சொலூடோ காலத்தில், 'ஒரு இளைஞர், இரண்டு திறன்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. இளைஞர்கள் தொழில் பழகி முடித்ததும் விதை முதலை அரசே கொடுக்கிறது. பெண்களும் சேரலாம். கல்லாவில் பணம் குறைந்தது என்று சொல்லி யாரும் கடைசி நாளில் துரத்த முடியாது. ஆனால் அரசு கொடுக்கும் விதை முதலோடு லடிப்போவில் கடை திறப்பவருக்கு, முதல் மாதச் சரக்கைக் கடனாகத் தர அங்கே ஒரு ஓகா இருக்க மாட்டார்.